மகன் துபாயில், போட்டோ ஊரில்: சத்தமில்லாத குட்டி ஹோம் சர்வருக்கு எந்தெந்த பார்ட்ஸ் வாங்கலாம்?

கடையநல்லூரில் ஒரு குடும்பத்தின் போட்டோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். நிக்காஹ் வீடியோ துபாயில் இருக்கும் அண்ணனின் போனில், பேரப்பிள்ளையின் முதல் நடை சிங்கப்பூரில், பாட்டியின் கடைசிப் பெருநாள் படம் யாரோ ஒருவரின் பழைய வாட்ஸ்அப்பில். இந்த ஊருக்குக் கடல் கடந்து பிழைக்கப் போவது புதிதல்ல. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லேயே தொடங்கப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், இன்றைக்கு உடையப்போகும் ஒரு போன் ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கின்றன.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அளவில்லாத இலவச சேமிப்பை நிறுத்திவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆளுக்கொரு மாதச் சந்தா கட்டுவதற்குப் பதிலாக, ஊரில் உள்ள வீட்டிலேயே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சர்வர் வைத்தால் என்ன? மத்தளம்பாறை சோஹோ அலுவலகத்துக்குப் போய் வருகிறவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் என ஐடி தெரிந்த இளைஞர்கள் தென்காசிப் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வி வந்தால், அடுத்த கேள்வி இதுதான்: எந்த பார்ட்ஸ் வாங்குவது?

ஹோம் சர்வர்னா என்ன?

24 மணி நேரமும் ஓடுகிற ஒரு சின்ன கம்ப்யூட்டர். மானிட்டர், கீபோர்டு தேவையில்லை. ரவுட்டர் பக்கத்தில் ஒரு கேபிளில் இணைத்து வைத்துவிட்டால் போதும். போட்டோக்களுக்கு இம்மிச், ஃபைல்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், வீடியோ பார்க்க ஜெல்லிஃபின் என ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் ஆப் போட்டால், எடுக்கிற படம் தானாக வீட்டுக்கு வந்து சேரும்.

முதலில் கணக்கு போடுங்க

பார்ட்ஸ் தேடுவதற்கு முன் எவ்வளவு இடம் தேவை என்று தெரியணும். ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 படம், ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 400 எம்பி, வருடத்துக்கு 146 ஜிபி. கூடவே ஆளுக்கு ஒரு நிமிட ஃபுல் எச்டி வீடியோ, நிமிடத்துக்கு 60 எம்பி என்றால், வருடத்துக்கு இன்னொரு 110 ஜிபி. ஆக மொத்தம் சுமார் 256 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஏழு வருடத்துக்குத் தாங்கும். பழைய சேமிப்பையும் கல்யாண வீடியோகிராபர் தந்த பென் டிரைவ்களையும் சேர்த்தால் 4 டிபி. 20 டிபிக்கு ஆசைப்படத் தேவையே இல்லை. இந்த ஒரு கணக்கு மட்டுமே பட்ஜெட்டைப் பாதியாக்கிவிடும்.

ப்ராசஸர்: பெரிசு வேண்டாம்

கேமிங் பிசிக்கு வாங்குகிற மாதிரி இதற்கு வாங்கக் கூடாது. வீட்டு சர்வர் நாளில் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். அதனால் முழு வேகத்தில் எவ்வளவு என்பதைவிட, சும்மா இருக்கும்போது எத்தனை வாட் என்பதே முக்கியம்.

2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 இந்த வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற சிப். நான்கு கோர், 6 வாட் டிடிபி. சிப்பிலேயே வீடியோவைக் கையாளும் தனிப் பகுதி இருப்பதால், எச்இவிசி வீடியோவை போனுக்கேற்ப மாற்றித் தரும்போதும் திணறாது. இந்தச் சிப் உள்ள மினி பிசிக்கள் சும்மா இருக்கும்போது பொதுவாக 6 முதல் 12 வாட்தான் எடுக்கும்.

இன்னொரு நல்ல வழி, பழைய ஆபீஸ் மினி பிசி. லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவில் அடங்கிவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. இன்டெல் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையதுமான பெரும்பாலான சிப்களுக்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. அதனால் அலுவலகங்கள் கழித்துக்கட்டும் மெஷின்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. லினக்ஸ் போட்டால் அவற்றுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. முடிந்தால் 8-ஆம் தலைமுறை பாருங்கள். ஐ5-8500டி சிப்பில் ஆறு கோர் இருக்கும்.

ராஸ்பெர்ரி பை 5 வாங்கலாமா? கற்றுக்கொள்ள அருமையான பொருள். ஆனால் அடாப்டர், கேஸ், எஸ்எஸ்டி மாட்ட தனி போர்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், மினி பிசி விலையை நெருங்கிவிடும். மெமரி கார்டிலேயே ஓட்டினால் இடைவிடாமல் எழுதி எழுதி கார்டு தேய்ந்துபோகும்.

ராம்: 8 ஜிபியில் தொடங்குங்க

போட்டோ சர்வருக்கு 8 ஜிபி போதும். முகம் வைத்துத் தேடும் வசதி, நெக்ஸ்ட்கிளவுட் எல்லாம் ஒரே மெஷினில் ஓட வேண்டுமென்றால் 16 ஜிபி. என்100-க்கு இன்டெல் சொல்லும் உச்சபட்ச அளவும் 16 ஜிபிதான்.

இப்போது ராம் வாங்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் நுகர்வோர் பிராண்டைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் ராமும் எஸ்எஸ்டியும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பழைய மினி பிசியே பல நேரம் லாபம்.

டிஸ்க்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் கிடையாது, சத்தமும் சுத்தமாக இல்லை. 2 டிபி வரை போதும் என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி போடலாம். அதற்கு மேல் போனால் ஹார்ட் டிஸ்க்தான் கட்டுப்படியாகும்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது ஸ்பெக்கில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தில் மாற்றி எழுத, அதை ஒட்டிய தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள்.

ஒரு லிட்டர் மினி பிசிக்குள் 3.5 அங்குல டிஸ்க் நுழையாது. யூஎஸ்பி பெட்டியில் வெளியே மாட்டலாம், ஆனால் அதற்குத் தனி அடாப்டர் இருக்கணும். டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். யூஎஸ்பி போர்ட்டால் அதைக் கொடுக்க முடியாது.

சத்தம் எங்கிருந்து வருது?

மூன்று இடங்களிலிருந்து: ஃபேன், டிஸ்க், டிஸ்க்கை வைத்திருக்கும் மரப்பலகை.

ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். 40 மில்லிமீட்டர் ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வெறித்தனமாகச் சுற்ற வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேன் அதே காற்றை நிதானமாகத் தள்ளிவிடும். ஆகவே பெரிய ஃபேன், குறைந்த வேகம் என்பதே சூத்திரம்.

ஃபேனே இல்லாத மாடல்கள் கவர்ச்சியாக இருக்கும். ஏப்ரல், மே வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், மூடிய ஷோகேஸுக்குள் வைத்தால் சிப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில் மட்டும்தான் அதற்கு வேலை.

டிஸ்க் சத்தத்துக்கு மலிவான மருந்து ரப்பர். மர அலமாரி மேல் நேரடியாக வைத்தால் அலமாரியே வீணைக் குடம் மாதிரி அதிர்வைப் பெருக்கும். அடியில் ஒரு துண்டு ரப்பர் மேட் போட்டால் இரவில் தூக்கம் கெடாது.

கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

தமிழ்நாட்டில் வீட்டுக்கான மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாள் என்றால் 1,440 மணி நேரம். 10 வாட் மினி பிசி 14.4 யூனிட் எடுக்கும். அதே வேலைக்கு மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை 60 வாட்டில் ஓட்டினால் 86.4 யூனிட். வித்தியாசம் 72 யூனிட், வருடத்துக்கு 432. கட்டணம் ஸ்லாப் முறையில் ஏறுவதால், கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இந்த 72 யூனிட் உங்களை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடலாம். "வீட்டுல சும்மாதானே கிடக்குது" என்று ஓட்டும் பழைய மெஷின் உண்மையில் சும்மா ஓடுவதில்லை.

கரன்ட் போனால்?

எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டேட்டா கெட வாய்ப்புண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதில் யூபிஎஸ் மோட் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் கரன்ட் மாறும் இடைவெளி அதிகம் என்பதால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். பயாஸில் கரன்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் செட்டிங்கையும் போட்டுவிடுங்கள். ஐப்பசி இடி மின்னலுக்கு எர்த் சரியாக உள்ள பிளக் பாயின்ட், சர்ஜ் புரொடெக்டர் இரண்டும் அவசியம்.

துபாயிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும். நம் ஊர் இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. அதனால் வெளியிலிருந்து நேராக வீட்டு சர்வரைத் தட்ட முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் வயர்கார்டு தொழில்நுட்பத்தில் குடும்பத்தினரின் போன்களையும் சர்வரையும் ஒரு தனி வலையில் இணைக்கின்றன. சர்வரை இணையத்தில் திறந்து போடத் தேவையில்லை என்பதால் பாதுகாப்பும் கூடுதல். வெளிநாட்டில் இருப்பவர்கள், விபிஎன் தொடர்பாக அந்த நாட்டில் என்ன விதி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு டிஸ்க் போட்டால் பேக்கப் ஆகிடுமா?

ஆகாது. ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா இருந்தால், ஒன்று செத்தாலும் சர்வர் ஓடும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு ஆல்பத்தை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். மின்னல் தாக்கினாலும் திருடு போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ரெய்டை விட்டுவிட்டு, அந்த இரண்டாவது டிஸ்க்கைத் தனி பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளுங்கள்.

உலகம் முழுக்க ஐடிகாரர்கள் சொல்லும் விதி 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். இந்த மூன்றாவது நிபந்தனைதான் பலருக்குக் கஷ்டம். கடையநல்லூர்க் குடும்பங்களுக்கோ அது கையிலேயே இருக்கிறது. லீவுக்கு வரும் மச்சான் திரும்பிப் போகும்போது, பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்த ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கைப் பெட்டியில் வைத்து அனுப்பினால் போதும். அடுத்த லீவில் புது டிஸ்க்கோடு மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு விஷயம். இதையெல்லாம் செட் பண்ணுகிற பையனே நாளைக்கு விசா வந்து கிளம்பிவிடலாம். அதனால் பாஸ்வேர்டு, எந்த ஒயர் எங்கே போகிறது, பேக்கப்பிலிருந்து படங்களை எப்படி எடுப்பது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கிளம்புவதற்கு முன், அந்தத் தாளை மட்டும் பார்த்து வீட்டில் வேறு ஒருவர் ஒரு படத்தை மீட்டெடுக்கிறாரா என்று சோதித்துப் பாருங்கள். அவரால் முடிந்தால், உங்கள் சர்வர் தயார்.