திரையில் இருப்பது நினைவில் இருக்கிறதா?

கேலாங் ஈஸ்ட்டில், அல்ஜுனிட் எம்ஆர்டி நிலையம் பக்கம் காலையில் நடந்து பாருங்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பையில் பாடநூலோடு ஒரு கற்றல் சாதனமும் இருக்கும். ஐபேட், குரோம்புக், மடிக்கணினி எனப் பள்ளிக்குப் பள்ளி அது மாறும். பெற்றோர் பலரின் மனத்தில் ஒரே கேள்விதான்: பிள்ளை அதில் படிக்கிறதா, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறதா?

இந்தச் சாதனம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டத்தைக் கல்வி அமைச்சு 1997ல் தொடங்கியது. 2018ல் மாணவர் கற்றல் தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் 2028க்குள் சொந்தச் சாதனம் என்று 2020 மார்ச்சில் அறிவித்தார்கள். அடுத்த மாதமே கொவிட்-19 காரணமாகப் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு முழுமையாக மாறின. இலக்கு 2021 இறுதிக்கு முன்னுக்கு வந்தது. வாங்கும் செலவுக்கு எடுசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் உதவியும் உண்டு.

இதனால் என்ன பயன்? முதல் பயன் ஆசிரியருக்கு. முன்பு நாற்பது பயிற்சி நூல்களைத் திருத்தி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும். இப்போது விடைகளில் பலவற்றைத் தளமே திருத்திவிடுகிறது. எந்தக் கேள்வியில் வகுப்பே தடுமாறியது என்பதை ஆசிரியர் உடனே பார்த்து, அதையே மறுநாள் விளக்கலாம். தவறு மனத்தில் ஊறுவதற்குள் திருத்தம் கிடைப்பது சிறிய விஷயமல்ல.

ஆனால், சாதனம் கையில் இருப்பதாலேயே மதிப்பெண் உயர்ந்துவிடாது. 15 வயது மாணவர்களை ஆராயும் அனைத்துலக பீசா 2022 ஆய்வில் ஓஇசிடி நாடுகளின் சராசரி இரண்டு பக்கத்தையும் காட்டியது. பள்ளியில் நாளுக்கு ஒரு மணி நேரம் வரை கற்பதற்காகச் சாதனம் பயன்படுத்தியவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிடக் கணிதத்தில் 14 புள்ளி கூடுதலாகப் பெற்றனர். பக்கத்து மாணவர் சாதனத்தில் எதையோ பார்த்ததால் கவனம் சிதறியவர்களோ 15 புள்ளி பின்தங்கினர்.

காரணம் மூளை செயல்படும் விதத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பாராமல் மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தது. எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்தோ கணக்கு தலைகீழானது. படித்த குழுவுக்கு 40, எழுதிய குழுவுக்கு 61!

திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பாடம் பழகியதாகிவிடும். அந்தப் பழக்கத்தையே நாம் அறிவு என்று நம்பிவிடுகிறோம். நினைவிலிருந்து தேடி எடுக்கும் உழைப்புதான் பாடத்தை நிலைக்க வைக்கிறது. திரையைத் தள்ளிக்கொண்டே போவதில் அந்த உழைப்பு இல்லை.

இதன் அருமையை 2024 ஆகஸ்டு உணர்த்தியது. மாணவர் சாதனங்களை நிர்வகித்த ‘மொபைல் கார்டியன்’ செயலிக்குள் யாரோ ஊடுருவினார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. நகல் எடுத்து வைக்காதவர்கள் குறிப்புகளை இழந்தார்கள், அதுவும் தேர்வு நெருங்கும் நேரத்தில். அந்தச் செயலியைக் கல்வி அமைச்சு நீக்கியது. மனத்தில் பதிந்ததை மட்டும் எந்த ஊடுருவலும் தொட முடியவில்லை.

அதற்காகச் சாதனத்தைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. பாடக் காணொளி முடிந்ததும் அதை மூடச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நினைவில் உள்ளதைப் பிள்ளை எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைச் சரிபார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே செய்யட்டும். வாரம் ஒரு முறை குறிப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அறிவியலோ கணிதமோ தெரியாத பெற்றோரும் இவற்றைச் செய்யலாம்.