புகைமூட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

2005 ஆகஸ்ட் 11. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்ட, மலேசியாவின் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவித்தார்கள். அங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

சுமத்ராவிலிருந்து வந்த அந்தப் புகை வெறும் சாம்பல் அல்ல. சதுப்புக் காடு எரியும் புகைத்துகளில் பெரும்பங்கு கரிமச் சேர்மங்கள். கூடவே கரித்தூள், சல்பேட், அம்மோனியம், பொட்டாசியம். லெவோகுளுக்கோசான் என்றொரு சர்க்கரையும் உண்டு. ஆய்வாளருக்கு மட்டுமே இனிக்கும் சர்க்கரை! செடி, மரத்தின் செல்லுலோஸ் எரியும்போது பிறப்பது. டீசல் புகையில் வராது. காற்றை வடிகட்டும் வடிதாளில் அது சிக்கினால், புகை விட்டது காடா லாரியா என்ற வழக்கு பாதி தீர்ந்தது.

சாலைப் புகை அதிகம் எட்டாத மலையுச்சி இப்படிக் காற்றைச் சோதிக்கத் தோதான இடம். மேற்குச் சுமத்ராவில் சுமார் 865 மீட்டர் உயரத்திலுள்ள புக்கிட் கோத்தோத்தாபாங்கில் அப்படியொரு காற்றுக் கண்காணிப்பு நிலையம் இயங்குகிறது.