வழக்கேறியவர்களின் கையொப்பம்

கீர்த்தியின் உச்சத்தில் இருக்கும் ஒருவரின் கையொப்பத்திற்கு உள்ள மதிப்பு ஒன்று. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு அவர் கூண்டில் நின்ற பிறகு, அதே கையொப்பத்திற்கு ஏற்படும் மதிப்பு வேறொன்று. இந்த விசித்திரத்திற்கு உதாரணம் தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை, கோயம்புத்தூரே போதும்.

சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவாகி 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அப்படம் திரைக்கு வந்து ஒரு மாதம் நிறைவதற்குள், நட்சத்திரங்களின் அந்தரங்கங்களை எழுதியே பிழைத்துவந்த 'இந்துநேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன், நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் மாண்டார். கதாநாயகர் தியாகராஜ பாகவதரும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், 'சிவகவி' எடுத்த கோவை ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாயினர். நாயுடு விடுதலையானார், மற்ற இருவரும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்ட வழக்கில், 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களும், கிராமபோன் தட்டுகளும், கையொப்பமிட்ட புகைப்படங்களும், வழக்கின் செய்தி தாங்கிய பத்திரிகைகளும் இன்று சேகரிப்போரின் ஆசைக்குரியவை. ஆசை மிகுந்த இடத்தில் போலியும் மிகுவது இயற்கை. அமெரிக்கக் கடைகளுக்கே பால்பாயிண்ட் பேனா 1945 இறுதியில்தான் வந்தது. ஆதலால் 1944இல் போட்டதாகச் சொல்லப்படும் பால்பாயிண்ட் கையொப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிராகரிக்கலாம். பூதக்கண்ணாடியில் சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரிவது அச்சடித்த ஒப்பம். மைப் பேனாவால் எழுதியதோ காகிதத்தில் ஊறி, அழுத்தத்திற்கேற்பத் தடித்தும் மெலிந்தும் ஓடும். இவற்றைக் காட்டிலும் பெரிய சாட்சி, அப்பொருள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரலாறு.

மேல்நாடுகளில் இந்த வேட்கை விபரீதமான எல்லையைத் தொட்டிருக்கிறது. முப்பத்து மூன்று பேரைக் கொன்ற ஜான் வெய்ன் கேசி சிறையிலிருந்து தீட்டிய ஓவியங்கள் விலைபோயின. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் சார்பில் எழுந்த கண்டனத்தால் 2001இல் ஈபே நிறுவனம் இத்தகைய வியாபாரத்தைத் தன் தளத்தில் தடைசெய்தது. குற்றவாளி தன் குற்றத்தையே மூலதனமாக்கி லாபம் பெறுவதைத் தடுக்க அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமும் உண்டு.

நம் நாட்டில், 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் சரித்திர மதிப்பும் உடைய கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்பிற்குள் வருகின்றன. அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டிற்கு அனுப்பவும் கூடாது. லட்சுமிகாந்தன் வழக்குக் காலத்து ஆவணங்கள் அந்த வயதைக் கடந்துவிட்டன.

வழக்கோடு தொடர்புடைய பொருள் எல்லாமே இழிந்ததென்று கூறுவதும் நியாயமன்று. ராஜத்துரோகக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் கோவைச் சிறையில் மாடுபோல் இழுக்கவைத்த செக்கு, இன்று தேசத்தின் புனிதப் பொருளாகப் போற்றப்படுகிறது. ஒருவர் பட்ட துன்பத்தை நினைப்பதற்காக ஒரு பொருளைக் காப்பது மரியாதை. ஒருவர் சிந்திய ரத்தத்தைச் சொல்லி அதன் விலையை ஏற்றுவது அநாகரிகம். லட்சுமிகாந்தனின் பத்திரிகையை எவ்வளவு வெறுத்தாலும், அவரைக் கொன்றவர் யாரென்று நிரூபணமாகாமலே அவ்வழக்கு முடிந்தது என்பதைச் சேகரிப்போர் மறக்கலாகாது.

வீட்டுப் பரணிலோ உக்கடத்துப் பழைய புத்தகக் கடையிலோ இத்தகைய காகிதம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிடைத்த விவரத்தைத் தனித்தாளில் எழுதி அதனுடன் வைத்து, பேணிக் காக்க இயலாவிடில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நல்ல நூலகத்திடம் ஒப்படையுங்கள்.