வீட்டிலிருந்து வேலை: கையில் எவ்வளவு நிற்கும்?

கீழக்கரைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சபர் (பிழைப்புக்காக வெளிநாடு) போகிறவர்களின் ஊர் இது. முன்பு கொழும்பு, பிறகு வளைகுடா. விசா வந்தால் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு யாரும் பெட்டி கட்டுவதில்லை. ரூம் கம்பெனி தருகிறதா, சாப்பாடு யார் செலவு, ஊர் வர டிக்கெட் உண்டா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் சம்மதம். அதே வீட்டுப் பிள்ளைக்குச் சென்னையில் 35,000 ரூபாய்க்கு ஆபீஸ் வேலையும், வீட்டிலிருந்தே செய்ய 24,000 ரூபாய்க்கு ஒரு வேலையும் வந்தால் மட்டும் பேச்சு அந்த இரண்டு எண்களோடு நின்றுவிடுகிறது. விடுதி வாடகை, சாப்பாடு, பஸ், மெட்ரோ, ரயில் நிலையமில்லாத ஊரிலிருந்து ராமநாதபுரம் போய் சேது எக்ஸ்பிரஸைப் பிடிக்கும் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 13,000 என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் கையில் நிற்பது 22,000. வீட்டிலிருப்பவருக்கு 2,000 ரூபாய் கூடுதல். கணக்கு சரிதான். ஆனால் அந்த 24,000 எந்தப் பெயரில் வருகிறது என்று பார்க்காதவரை அது பாதிக் கணக்கு.

வீட்டிலிருந்து செய்யும் வேலைகளில் பலவற்றுக்கு நிறுவனங்கள் ஆட்களை ஊழியராகச் சேர்ப்பதில்லை. ‘கன்சல்டன்ட்’ அல்லது ‘ஃப்ரீலான்ஸர்’ என்று ஒப்பந்தம் போடுகின்றன. சம்பளத்தைத் தொழில்முறைக் கட்டணம் என்று காட்டி, அதில் 10 சதவீத வரி பிடித்திருந்தால் அதுவே அடையாளம். ஊழியருக்கு நிறுவனம் தன் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். கட்ட வேண்டும், 15,000 ரூபாய் அடிப்படைக்கு அது மாதம் 1,800. மேலே சொன்ன கூடுதல் 2,000 ஏறக்குறைய இதிலேயே கரைந்துவிடும். பெண்ணாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017 திருத்தம் கொண்டுவந்த, முதல் இரண்டு பிரசவங்களுக்கான 26 வாரச் சம்பள விடுப்பு, அதற்குப் பதிலாக வந்த சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 24,000 சம்பளத்தில் அது ஆறு மாதப் பணம், 1,44,000 ரூபாய். கன்சல்டன்டுக்கு அதில் ஒரு காசு கிடையாது. நேரம் குறித்து, விடுப்புக்கு அனுமதி கேட்கவைத்து, மேலாளர் கண்காணிக்கும் வேலை என்றால், தாளில் என்ன பெயர் இருந்தாலும் உண்மையான உறவு என்ன என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கும். ஆனால் அதை நிரூபிக்க வழக்கு நடத்த வேண்டும். சேரும் முன் கேட்பதற்குச் செலவில்லை.

இரண்டாவது விஷயம், இடம். வீட்டிலிருந்து வேலை செய்வதை ஒரு பொது உரிமையாகத் தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. மகப்பேறு விடுப்பு முடிந்த பின் இருதரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து செய்யலாம் என்கிற அளவில்தான் சட்டம் பேசுகிறது. 2023 அக்டோபரில் டி.சி.எஸ். தன் ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு அழைத்தது நினைவிருக்கும். நியமனக் கடிதத்தில் பணியிடம் கீழக்கரை என்று எழுதாமல், ‘நிறுவனம் சொல்லும் இடம்’ என்றிருந்தால், நாளைக்கே அழைப்பு வரும்; அப்போது 24,000 சம்பளத்தில் சென்னை வாடகை கட்ட வேண்டியிருக்கும். இதையெல்லாம் கேட்டால் வேலையே கைநழுவிப் போகாதா என்ற பயம் நியாயமானது. வெளியூர் அனுப்ப மனமில்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு மாற்று வேலை இல்லை என்பது நிறுவனத்துக்கும் தெரியும். ஆனால் நியமனக் கடிதம் கேட்பது பேரம் ஆகாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம் அதைத் தந்தாக வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும் என்பதும் அதே தொகுப்புகளில் இருக்கிறது.

சம்பளம் குறைந்தாலும் வீட்டில் நிம்மதி என்பார்கள். எல்லோருக்கும் அப்படியில்லை. அட்கின், ஷோர், ஷிண்டே என்ற மூன்று பொருளியலாளர்கள் சென்னையில் தரவுப் பதிவு வேலைக்கு வந்தவர்களில் குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரை அலுவலகத்திலும் அமர்த்திப் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவு: வீட்டிலிருந்தவர்களின் வேலை வேகமும் துல்லியமும் சேர்ந்த அளவு 18 சதவீதம் குறைவு. அதில் ஒரு பங்குக்குக் காரணம், அலுவலகத்தில் இருந்தவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டது. வீட்டையே விரும்பிக் கேட்டவர்களுக்குச் சரிவு 27 சதவீதம், அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு 13. குழந்தை, வீட்டுப் பொறுப்பு, வறுமை ஆகியவை இந்த வித்தியாசத்தை ஓரளவு விளக்குகின்றன. தமிழில் ‘வீட்டு வேலை’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. லேப்டாப் வந்ததால் அது மறைந்துவிடாது. எனவே கல்லூரி முடித்த கையோடு வருகிறவர், போக முடிந்தால், முதல் ஓரிரு வருடம் அலுவலகம் போவதே நல்லது என்பேன். போக முடியாதவருக்கு மூடிக்கொள்ள ஒரு கதவும், கேட்டைத் தட்டினால் எழுந்து போக வேறு ஆளும் வேண்டும். இதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும். நியமனக் கடிதத்தில் எழுதி வாங்க முடியாது.

வேலையே பொய்யாக இருப்பதும் உண்டு. முன்பணம் கேட்கும் ‘டாஸ்க்’ வேலை எதுவும் வேலையல்ல. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க அதை முடக்கிப் பிடிப்பது கடினம். உங்கள் வங்கிக் கணக்கைக் கமிஷனுக்குக் கேட்டு, நீங்களும் கொடுத்தால் வழக்கு உங்கள் பெயரில் வரும். மேலாளர் இரவில் வீடியோ அழைப்பில் தொல்லை தந்தால் புகார் தரலாம்; 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம் என்பதில் வீடும் அடங்கும். பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனமானால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். தரவுப் பதிவில் பிழை இருக்கிறது, அபராதம் கட்டு என்று மிரட்டும் கும்பல்களும் இருக்கின்றன. அவர்கள் அனுப்புவது வெறும் நோட்டீஸ், கோர்ட் உத்தரவு அல்ல. பணம் கட்டும் முன் அந்தத் தாளை ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். சட்ட உதவி அழைப்பு எண் 15100.