சின்னப் பொம்மைக்கு எந்தப் பெயின்ட்?

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலம் வந்தால் கிரகரி வாவிப் பக்கம் கடை போடாதவர்கள் குறைவு. அந்த நாட்களை நம்பி, தோட்டத்துத் தம்பி ஒருவர் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணின் உருவத்தை விரல் உயரத்தில் மரத்தில் செதுக்கி, இருநூறு பொம்மைகள் வரை செய்திருந்தார். எமது கடையில் வாங்கிய எனாமல் பெயின்ட்டைப் பூசி, பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துச் சென்றார். அங்கே பிரித்துப் பார்த்தால் பொம்மைகளின் முகத்தில் பத்திரிகை எழுத்து ஒட்டியிருந்தது. பாதிக்கு மேல் விற்கவில்லை.

"நானா, பெயின்ட் பிழையா, என் கை பிழையா?" என்று கேட்டார். இரண்டும் பிழையில்லை, தம்பி. என்ன வேலைக்கு என்று கேட்காமல் டின்னை எடுத்துக் கொடுத்த எனது பிழை. அந்தக் கடனைத் தீர்க்கவே இவ்வாரம் இதை எழுதுகிறேன்.

எனாமலும் அக்ரிலிக்கும்

எனாமல் எண்ணெய்த் தன்மை கொண்டது. அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் இறுகும். குளிரில் இது மெதுவாகவே நடக்கும். தடிப்பாகப் பூசினால் மேலே தோல் போலக் காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். வாசல் கேட்டுக்கு அது நல்ல பெயின்ட். விரல் உயரப் பொம்மைக்கு ஏற்றதல்ல.

அக்ரிலிக் தண்ணீரில் கலந்த பெயின்ட். தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். காய்ந்த பின் தண்ணீரில் கரையாது. மெல்லிய பூச்சு அரை மணி நேரத்துக்குள் தொடக்கூடிய நிலைக்கு வரும். பிரஷ்ஷை உடனே கழுவினால் தண்ணீரே போதும், தின்னர் தேவையில்லை.

எல்லா அக்ரிலிக்கும் ஒன்றல்ல. சுவருக்கு அடிக்கும் எமல்ஷனில் சுவரை மறைப்பதற்காக நிரப்புப் பொருள் அதிகம் சேர்த்திருப்பார்கள். அது பொம்மையின் கண், மூக்கு, கூடைப் பின்னல் எல்லாவற்றையும் மூடிவிடும். கைப்பணிக்கும் ஓவியத்துக்கும் விற்கும் அக்ரிலிக் அதைவிட நல்லது. வெளிநாடுகளில் மேசை மேல் வைத்து விளையாடும் சின்னஞ்சிறு போர்வீரர் உருவங்களுக்கென்றே தனிப் பெயின்ட் உண்டு. ஸ்பெயினின் வயேஹோ, இங்கிலாந்தின் சிட்டடெல், ஜப்பானின் தமியா என்பன பெயர் பெற்றவை. வண்ணத்தூளை மிக நுண்மையாக அரைத்திருப்பதால் மெல்லப் பூசினாலும் நிறம் நிற்கும். ஆனால் எமது மலைநாட்டுக் கடைகளில் இவை எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். முகத்துக்கும் சேலைக்கரைக்கும் மட்டும் நல்ல பெயின்ட், மற்ற இடங்களுக்குச் சாதாரண கைப்பணி அக்ரிலிக் என்று பிரித்துக்கொண்டால் கணக்கு சரிவரும்.

முதலில் பிரைமர்

பிரைமரை வீண் செலவு என்று நினைப்பவர்கள் பலர். பெயின்ட் பிடித்து நிற்பது அதில்தான். பொருளுக்கேற்ப அது மாறும்.

மரம்: பைனஸ் மரத்தின் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து மேல் நிறத்தை மஞ்சளாக்கும். நன்றாகச் சாண்ட் பேப்பர் போட்டுத் தூசு துடைத்து, கறை தடுக்கும் மரப் பிரைமரை மெல்லப் பூச வேண்டும்.

களிமண், பிளாஸ்டர் ஒப் பாரிஸ்: ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் முதல் பூச்சையும் அப்படியே உறிஞ்சும். நன்கு உலர்ந்த பிறகு நீர்த்த பிரைமரால் அடைக்க வேண்டும்.

ரெசின், பிளாஸ்டிக்: அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய வழுக்கல் மேலே ஒட்டியிருக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பின் பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் அடியுங்கள்.

இரும்பு: தண்ணீர்ப் பெயின்ட்டை நேரடியாகப் பூசினால் துரு பிடிக்கும். உலோகப் பிரைமர் கட்டாயம்.

எமது குளிரை மறக்கக் கூடாது

கொழும்புக்காரர் சொல்லும் முறை இங்கே அப்படியே சரிவராது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் சில நாட்களில் புல்லில் உறைபனியும் விழும். பொதுவாக 10 பாகை செல்சியசுக்குக் கீழே அக்ரிலிக் துகள்கள் சரியாக ஒட்டாது. காய்ந்தது போலத் தெரிந்தாலும் விரலில் மாவாக வரும், அல்லது வெடிக்கும். எனவே வெயில் ஏறிய பின் பூசுங்கள். மாலை மூடுபனி இறங்கும் முன் முடித்துவிடுங்கள். ஒருமுறை உறைந்து கட்டிபட்ட பெயின்ட் திரும்பச் சேராது.

ஸ்பிரே பிரைமர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். டின்னை இரண்டு நிமிடம் குலுக்கி, சுமார் ஓரடி தூரத்தில் வைத்து, விட்டு விட்டு அடிக்க வேண்டும். மழை, மூடுபனி நாளில் அடித்தால் மணல் தூவியது போலாகும், வெண்மையும் படரும். லயத்து அடுப்பங்கரையில் ஒருபோதும் அடிக்க வேண்டாம். அந்தக் காற்று தீப்பிடிக்கும்.

பிள்ளைகள் கையில் போகும் பொருள்

பொம்மையைப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். 2013 ஜனவரி முதல், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் பணிப்புரைப்படி விளையாட்டுப் பொருள் பெயின்ட்டில் ஈயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். களஞ்சியத்தில் கிடக்கும் பழைய டின், லேபல் இல்லாத டின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பொம்மைக்கு வேண்டாம்.

கணக்கு

விரல் உயரப் பொம்மைக்கு ஒரு பூச்சுக்குச் சில துளி பெயின்ட்தான் செல்லும். செலவில் பெரும்பகுதி உங்கள் கைவேலையே. பெயின்ட்டில் மிச்சம் பிடிக்கப் போய் அந்த உழைப்பு முழுவதையும் இழப்பது வியாபாரமல்ல. முதலில் மூன்று பொம்மைக்கு மட்டும் பூசி ஒரு வாரம் வையுங்கள். நகத்தால் சுரண்டுங்கள், பத்திரிகையில் சுற்றிப் பாருங்கள். தேறிய பிறகு மொத்தமாகத் தொடங்கலாம். பூசிய திகதி, பெயின்ட்டின் பெயர் இரண்டையும் கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டுக்கு உதவும்.

அந்தத் தம்பி மிஞ்சிய பொம்மைகளைச் சில வாரம் சூடான இடத்தில் இறுகவிட்டு, சாண்ட் பேப்பர் போட்டு, பிரைமர் அடித்து மீண்டும் பூசினார். பிரைமர் எமது கடைக் கணக்கில். இப்போதெல்லாம் யார் பெயின்ட் கேட்டாலும், "எதற்குப் பூசப் போகிறீர்கள்?" என்று கேட்ட பிறகே டின்னில் கை வைக்கிறேன்.