யாரும் கேட்காத ஒரு கதைப் புத்தகம்

"மௌலவி, இந்தக் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையாம். தமிழும் விளங்கவில்லையாம்."

நாயாற்றில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு சகோதரரின் மனைவி, நான் இரவல் கொடுத்த நூலை இப்படிச் சொல்லித் திருப்பித் தந்தார். அது 'அஸன்பே சரித்திரம்'. எனக்கு மிகவும் பிரியமான கதை. ஆனால் விரும்பிக் கேட்பவர்கள் குறைவு.

சகோதரிகளே! இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது இதுதான். எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை (1838-1898). சட்டத்தரணியாக இருந்தவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். நம் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று பாடுபட்டார். 1885இல் இந்தக் கதையை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி அப்போது ஆறு வருடங்களே ஆகியிருந்தன.

குறைகள் இல்லையா?

உண்டு. தற்செயல்கள் அதிகம். நல்லவர் முழுக்க நல்லவர், கெட்டவர் முழுக்கக் கெட்டவர். வாக்கியங்களோ நீளமானவை. "இலங்கையர் எழுதிய கதையில் இலங்கை எங்கே?" என்பதும் பழைய குற்றச்சாட்டு. கதை மிஸ்று தேசத்தில் தொடங்கி பம்பாய், கல்கத்தா என்று போகிறது.

ஆனால் சற்று யோசியுங்கள். ஆங்கிலேயரை எதிர்த்த அறபி பாஷா, 1883இல் மிஸ்றிலிருந்து இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்தார். 1901 வரை இங்கேயே வாழ்ந்தார். சித்திலெவ்வை அவரோடு சேர்ந்து கல்விப் பணி செய்தவர். கொழும்பு ஸாஹிரா கல்லூரியின் தொடக்கமான மத்ரஸா 1892இல் எழுந்ததில் இருவருக்கும் பங்குண்டு. அந்தக் காலத்து நம் முன்னோருக்கு மிஸ்று எங்கோ இருந்த ஊர் அல்ல. பக்கத்து வீட்டுச் செய்தி!

நம் கதையல்லவா?

கைக்குழந்தையாகத் திருடப்பட்ட அஸன் அந்நிய தேசத்தில் வளர்கிறான். தன் குடும்பம் எதுவென்றே அறியான். கல்வியும் ஒழுக்கமும்தான் அவனுக்குத் துணை. கடைசியில் பெற்றோரை அடைகிறான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு மக்களும் உடுத்த உடையோடு போனார்கள். வீடும் வயலும் போயின. அலமாரியில் இருந்த கிதாபுகளும் போயின. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள், வாப்பாவின் ஊரைப் பேச்சில் மட்டுமே கேட்டு வளர்ந்தார்கள். அவர்களுக்கு அஸனுடைய தவிப்பு விளங்காமல் போகுமா? ஒரு கதையின் மதிப்பை எத்தனை பேர் மெச்சினார்கள் என்று எண்ணிச் சொல்லிவிட முடியாது. அது யாருடைய வலியைத் தொடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அந்தச் சகோதரியிடம் நூலை மறுபடியும் கொடுத்தேன். "பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள் தங்கச்சி. மஃரிபுக்குப் பிறகு நீங்களே இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். கடினமான சொல்லை உங்கள் பேச்சில் சொல்லுங்கள்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மகள் மத்ரஸாவில் என்னிடம் கேட்டாள்: "ஹஸரத், அஸனுக்கு அவருடைய உம்மா கிடைப்பாவா?"

"வாசித்துப் பார் மகள்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய நூல் தூசி படிந்து கிடக்கலாம். பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, இன்றிரவே இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள்.