கொதிநீரைத் தாங்கிய பீங்கான்

பழைய ஆங்கிலப் பீங்கான் தேநீர்க் கோப்பைகளைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் உடனே கோப்பையைக் கவிழ்த்து முத்திரையைத் தேடுவார்கள். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வூஸ்டர் ஆலையின் சதுர முத்திரையையே போட்டு, பாரிஸின் சாம்சன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் நகல்கள் செய்து விற்றிருக்கிறது. முத்திரையை யாரும் வரையலாம். மண்ணை அப்படி நகலெடுப்பது கடினம்.

வூஸ்டரின் பெருமையே மண்ணில்தான் இருந்தது. டாக்டர் ஜான் வாலும் கூட்டாளிகளும் 1751இல் ஆலையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பிரிஸ்டலில் இருந்த ஒரு சிறு ஆலையை வாங்க, அதனோடு மாக்கல் சேர்க்கும் முறையும் வந்து சேர்ந்தது. நம் கல்சட்டிக்கு உதவும் அதே வகைக் கல், கார்ன்வாலிலிருந்து போனது. அந்நாளில் பல ஆங்கிலப் பீங்கான்கள் கொதிநீர் பட்டால் விரிசல் விட்டன; வூஸ்டர் கெண்டி தாங்கியது. அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் பெரும்பாலும் இளம்பச்சைச் சாயல் தெரியும். எலும்புச் சாம்பல் கலந்த, ஸ்போட் ஆலையின் வெண்பீங்கான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது.

அடுத்து, தூரிகையைப் பாருங்கள். 1750களிலேயே செப்புத் தகட்டிலிருந்து தாள்வழி படம் அச்சிடும் முறையும் வந்துவிட்டது. அச்சுப் படத்தில் நிழல் நெருக்கமான மெல்லிய கோடுகளாக இருக்கும். கையால் தீட்டியதில் வண்ணம் ஓரிடத்தில் தேங்கி, இன்னோரிடத்தில் கரைந்து மெலியும். கோப்பையில் உள்ள பூவும் தட்டில் உள்ள பூவும் அச்சு அசலாக ஒத்திருக்காது. எனக்கு இந்த வேறுபாடுதான் மிகப் பிடித்தது. கோபால்ட் நீலத்தைக் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் தீட்டினார்கள். சிவப்பையும் பச்சையையும் பூச்சின்மேல் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டார்கள். அதனால் விரலால் தடவினால் லேசான மேடு தட்டுப்படும். பொன் பூச்சுதான் எளிதில் தேயும்.

அக்காலத் தொகுப்புகளில் சீனப் பாணியில் கைப்பிடியில்லாத தேநீர்க் கிண்ணமும், கைப்பிடியுள்ள காபிக் கோப்பையும் ஒரே தட்டைப் பகிர்ந்துகொண்டன. ஒரே வேளையில் ஒருவர் இரண்டையும் குடிப்பதில்லை அல்லவா? ஆகவே இரண்டுக்கும் ஒரு தட்டு மட்டும் கிடைத்தால், ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களில் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். அங்கே கற்றுக்கொள்ளுங்கள். புற ஊதா விளக்கு ஒன்றும் வைத்திருங்கள். ஒட்டுப்போட்ட இடங்கள் பல அதில் வேறு நிறத்தில் ஒளிரும். முதலில் வாங்க, குறையே இல்லாத சந்தேகப் பொருளைவிட, மயிரிழை விரிசலுள்ள உண்மையான வூஸ்டர் கிண்ணமே மேல். விலையும் குறைவு.